டிராக் ஃபிக்ஸியை விற்பதும், குதிக்கத் தாங்குகிற ஃபிரேமைத் தேர்ந்தெடுப்பதும்

ஃபிக்ஸி என்றால் பெடலும் பின்சக்கரமும் எப்போதும் சேர்ந்தே சுற்றும் சைக்கிள். பந்தயத் தடத்துக்காகச் செய்த டிராக் ஃபிரேமில் பார்ஸ்பின் (ஹேண்டில்பாரை முழுச் சுற்று சுற்றுவது), படிக்கட்டுக் குதி என்று பழக ஆசை வந்துவிட்டால், முதலில் செய்ய வேண்டியது அந்த சைக்கிளை விற்பது. அதுவும் ஃபிரேம் இன்னும் நேராக இருக்கும்போதே விற்பது. கொஞ்ச நாள் இதிலேயே பழகிவிட்டு அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று பையன்கள் சொல்வார்கள். அந்தக் கொஞ்ச நாளில் ஃபிரேமும் போகும், விலையும் போகும், வாங்க வருகிறவரிடம் நிமிர்ந்து நின்று பேசும் நிலைமையும் போகும்.

நான் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டர். குடியிருப்பது பிடோக். என் அக்கா மகன் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் இருக்கும் ஸ்கேட் பார்க்கில் ஃபிக்ஸியோடு பழகுகிறான். அவனும் அவன் கூட்டாளிகளும் ஏதாவது ஃபிரேமைப் பார்த்தால் எனக்குப் படம் அனுப்பி, "மாமா, இது தாங்குமா?" என்று கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே மொத்தமாக எழுதுகிறேன். சிங்கப்பூரை வைத்துத்தான் எழுதுகிறேன். வேறு ஊரில் இருப்பவர்கள் சட்டத்தையும் விற்கும் வழியையும் மட்டும் தங்கள் ஊருக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளலாம்.

டிராக் ஃபிரேம் எதற்காகச் செய்யப்பட்டது

வெலோட்ரோம் என்ற சைக்கிள் பந்தயத் தடத்தில் குழியும் இல்லை, படியும் இல்லை. அங்கே ஓடும் ஃபிரேமுக்கு வரும் பலம் எல்லாம் பெடலிலிருந்தும் ஹேண்டில்பாரிலிருந்தும்தான். அதனால் டியூப்களை மெல்லியதாகச் செய்ய முடிகிறது. சாலையில் ஓட்டுகிறவர்கள் ஆசைப்பட்டு வாங்கும் ஜப்பானிய கெய்ரின் ஃபிரேம்களை எடுத்துக்கொள்ளுங்கள். கெய்ரின் 1948இல் கொகுரா நகரில் தொடங்கிய பந்தயம். பணம் கட்டி ஆடும் பந்தயம் என்பதால் ஃபிரேமிலிருந்து பெடல் வரை ஒவ்வொரு பொருளும் அங்கீகாரம் பெற்று, என்ஜேஎஸ் முத்திரை குத்தப்பட்டிருக்க வேண்டும். லக் என்ற இணைப்புக் கூடு வைத்து இணைத்த ஸ்டீல், ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய சுவர், 23 மில்லிமீட்டர் டயருக்கு மேல் நுழையாத இடைவெளி. ஓடுவதற்கு அருமையான ஃபிரேம். மேலிருந்து விழுவதற்கு அதைச் செய்தவர் ஒருநாளும் நினைத்திருக்க மாட்டார்.

விழும்போது என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். முன்சக்கரம் எதன் மேலாவது நேராக மோதினால் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) பின்னால் தள்ளப்படுகிறது. முன்னாலிருந்து பெடல் பக்கம் சாய்ந்து இறங்கும் டவுன் டியூப் நசுங்கும் திசையில் அழுத்தம் வாங்குகிறது. ஃபோர்க் நுழையும் ஹெட் டியூபுக்குச் சற்றுப் பின்னால், அடிப்பக்கத்தில் ஒரு நெளிவு விழுகிறது. மேலிருந்து குதித்து முன்சக்கரத்தில் இறங்கினால் கதை மாறுகிறது. ஃபோர்க் சாய்ந்திருப்பதால் சக்கரம் முன்னால் விரியப் பார்க்கிறது. அதே டவுன் டியூபின் அடிப்பக்கம் இப்போது இழுபடுகிறது. இழுவை திரும்பத் திரும்ப வந்தால் விரிசல். ஆக, நெளிவும் விரிசலும் வரும் இடம் ஒன்றுதான். ஃபிரேமைக் கையில் வாங்கியதும் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து அந்த இடத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

விற்பதற்கு முன்

கழுவித் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் வையுங்கள். வெள்ளைப் பருத்தித் துணியை எடுத்து ஒவ்வொரு இணைப்பையும் சுற்றித் துடையுங்கள். மெல்லிய விரிசல் இருந்தால் துணியின் நூல் அதில் மாட்டும். டவுன் டியூபின் அடியில் விரல் நுனியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத நெளிவு விரலுக்குத் தெரியும். அடுத்து பாட்டம் பிராக்கெட்டை (பெடல் தண்டு சுற்றும் இடம்) சுற்றி, அங்கிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் செயின் ஸ்டே தொடங்கும் இடம், பின்பக்க டிராப்அவுட்டின் (சக்கர அச்சு உட்காரும் வெட்டு) உள்மூலைகள்.

பெயிண்டில் கீறல் மாதிரி ஒரு கோடு இருந்து, அது பெயிண்டா உலோகமா என்று சந்தேகம் வந்தால், பட்டறையில் நாங்கள் செய்வதையே செய்யலாம். டை பெனட்ரண்ட் என்று மூன்று ஸ்பிரே டப்பாக்கள் வரும். அந்த இடத்தில் மட்டும் பெயிண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, கிளீனரால் துடைத்து, சிவப்புச் சாயத்தை அடித்துச் சற்று நேரம் விட்டு, மேலே இருப்பதைத் துடைத்துவிட்டு, வெள்ளை டெவலப்பரை அடிக்க வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய சாயம் வெள்ளையின் மேல் சிவப்புக் கோடாக ஊறி வரும். கோடு வந்தால் அந்த ஃபிரேமை விற்கக் கூடாது. விலை குறைத்தும் விற்கக் கூடாது. அறுத்துப் போட்டுவிடுங்கள்; இல்லாவிட்டால் அது கைமாறிக் கைமாறி ஏதோ ஒரு பிள்ளையிடம் போய்ச் சேரும்.

நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நூல் போதும். பின்பக்கம் ஒரு டிராப்அவுட்டில் கட்டி, ஹெட் டியூபைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுபக்க டிராப்அவுட்டில் இழுத்துக் கட்டுங்கள். நூலுக்கும் சீட் டியூபுக்கும் (சேடில் தண்டு இறங்கும் டியூப்) உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓரிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் பழைய ஸ்டீல் ஃபிரேமில் சகஜம். அதற்கு மேல் போனால் விளம்பரத்தில் அதை எழுத வேண்டும்.

இந்த ஊர் ஈரத்துக்கும் வியர்வைக்கும் அலுமினிய சீட் போஸ்ட் ஸ்டீல் ஃபிரேமுக்குள் இறுகிவிடும். அசைகிறதா என்று இப்போதே பாருங்கள். வாங்க வந்தவர் முன்னால் அது அசையாமல் நின்றால் பேரம் அங்கேயே முடிந்துவிடும். பின் ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) லாக்ரிங் என்ற பூட்டு வளையத்தின் மரை தேய்ந்திருக்கிறதா என்பதையும் கழற்றிப் பாருங்கள். லாக்ரிங் இடதுகை மரை. அதைத் தவறான பக்கம் திருப்பி மரையைத் தின்றுவிட்ட ஹப்புகள் பழைய பொருள் விற்கும் கரோசல் செயலியில் நிறைய வருகின்றன.

பிரேக் விஷயம்

2021 ஆகஸ்ட் 1 முதல் சிங்கப்பூரில் பொதுப் பாதைகளில் ஓட்டும் சைக்கிளுக்குக் கைப்பிரேக் ஒன்றாவது இருந்தாக வேண்டும். காலால் பெடலை இறுக்கி, பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டு ஸ்கிட் போட்டு நிறுத்துவேன் என்பதெல்லாம் கணக்கில் வராது. சட்டம் வந்தபோது வருத்தப்பட்டவர்கள் உண்டு. எனக்கு அது சரியென்றுதான் படுகிறது. செயின் அறுந்த ஃபிக்ஸியில் காலால் செய்ய ஒன்றுமில்லை.

விற்கும்போது இதன் அர்த்தம் இதுதான்: ஓட்டுவதற்காக விற்கிற சைக்கிளில் முன்பிரேக்கைப் பூட்டி, வேலை செய்கிறதென்று காட்டி விற்க வேண்டும். ஃபோர்க் கிரௌனில் (இரண்டு கால்களும் சேரும் மேல்பகுதி) துளை இருந்தால் இது சின்ன வேலை. கெய்ரின் ஃபிரேமின் ஃபோர்க்கில் துளை இருக்காது. அதில் துளை போடாதீர்கள். சேகரிக்கிறவர்கள் அந்த ஃபோர்க்கை அப்படியேதான் விரும்புவார்கள். துளை போட்ட நிமிடமே அவர்கள் விலகிவிடுவார்கள். அதே ஒரு அங்குல மரை ஸ்டீயரரில் (ஹெட் டியூபுக்குள் போகும் ஃபோர்க் தண்டு), துளையுள்ள சாதாரண ஃபோர்க் ஒன்றை வாங்கிப் பூட்டி ஓட்டி, விற்கும்போது இரண்டு ஃபோர்க்கையும் சேர்த்துக் கொடுங்கள்.

முழுதாகவா, பிரித்தா

சாதாரண ஃபிக்ஸி என்றால் முழுதாக விற்பதே நல்லது. பிரித்தால் ஃபிரேமும் ஹேண்டில்பாரும் வீட்டில் தங்கிவிடும். வீவக அடுக்குமாடி வீட்டில் இடம் எங்கே இருக்கிறது? தாழ்வாரத்தில் வைக்கலாம் என்றால் 1.2 மீட்டர் நடைவழி விட்டாக வேண்டும். கெய்ரின் முத்திரை உள்ள சைக்கிள் மட்டும் விதிவிலக்கு. அதன் ஹப், கிரேங்க் (பெடல் கை), ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் துண்டு) ஒவ்வொன்றையும் தேடிக்கொண்டு தனித்தனி ஆட்கள் இருக்கிறார்கள். பொறுமை இருந்தால் பிரித்து விற்றால் கூடுதலாகக் கிடைக்கும்.

"சக்கரத்தை மட்டும் வைத்துக்கொள்கிறேன் மாமா, புது ஃபிரேமுக்கு ஆகும்" என்று எல்லாப் பையன்களும் சொல்கிறார்கள். ஆகாது. பழைய சைக்கிளிலிருந்து புதியதற்குப் போகக்கூடியது சேடில், கருவிகள், அதிகம் போனால் கால் ஸ்டிராப். சக்கரம், கிரேங்க், ஸ்டெம், செயின் எதுவும் குதிப்பதற்காக வந்தவை இல்லை. அவை சைக்கிளோடு போனால்தான் சைக்கிளுக்கு விலை.

விளம்பரத்தில் அளவை எழுதுங்கள். "எம் சைஸ்" என்று போடுவதில் பயனில்லை. சீட் டியூப், டாப் டியூப் (மேல் குறுக்கு டியூப்) இரண்டையும் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து சென்டிமீட்டரில். பின் ஹப் இடைவெளி (டிராக்கில் 120 மில்லிமீட்டர்), சீட் போஸ்ட் விட்டம், பற்கள் முன்னால் எத்தனை பின்னால் எத்தனை, நுழையக்கூடிய டயர் அளவு. இவை இருந்தால் வீணாகக் கேள்வி கேட்டு நேரம் தின்கிறவர்கள் குறைந்துவிடுவார்கள். படங்களைக் காலை வெயிலில், புளோக்குக்குக் கீழே வெறும் சுவர் ஓரமாக எடுங்கள். செயின் இருக்கும் பக்கம் முழுப் படம் ஒன்று, டவுன் டியூபின் அடிப்பக்கம் ஒன்று, டிராப்அவுட் இரண்டு, பாட்டம் பிராக்கெட்டின் அடியில் உள்ள எண் ஒன்று, ஒவ்வொரு கீறலுக்கும் ஒன்று. கீறலை மறைத்தால் நேரில் பார்க்கும்போது அதைக் காட்டி ஐம்பது வெள்ளி குறைப்பார்கள். முன்னாலேயே காட்டிவிட்டால் அதைப் பற்றிப் பேச்சே வராது.

எப்படி ஓட்டினீர்கள் என்பதையும் எழுதுங்கள். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: "சாலையில் மட்டும் ஓட்டியது. நடைபாதை விளிம்பில் ஏறி இறங்கியதுண்டு, குதித்தது இல்லை. முன்பிரேக் உண்டு. டாப் டியூபில் ஹேண்டில்பார் இடித்த பள்ளம் ஒன்று, படம் பார்க்க. ரசீது இருக்கிறது." குதித்திருந்தால் குதித்தேன் என்றே எழுத வேண்டும்.

விலை வைக்கும்போது மற்றவர்கள் கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள். விற்றுப்போனதாகக் குறித்திருக்கும் விளம்பரங்களை மட்டும் பாருங்கள். மாதக்கணக்கில் தொங்கும் விளம்பரத்தின் விலை யாரும் கொடுக்காத விலை. உங்கள் மனத்தில் உள்ள தொகைக்கு மேல் கொஞ்சம் வைத்து, "கடைசி விலை என்ன?" என்று பார்க்காமலே கேட்கிறவருக்கு, "வந்து பாருங்கள், நேரில் பேசலாம்" என்று ஒரே பதில் சொல்லுங்கள். வருகிறவர்தான் வாங்குகிறவர்.

சந்திப்பு பகலில், எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கமோ புளோக்குக்குக் கீழேயோ. பணம் பேநவ் என்ற வங்கிப் பரிமாற்றம் வழியாக வந்தால் அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம், உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து பாருங்கள். ஓட்டிப் பார்க்கக் கேட்டால், இதற்கு முன் ஃபிக்ஸி ஓட்டியிருக்கிறாரா என்று கேளுங்கள். ஓட்டாதவர் பழக்கத்தில் மிதிப்பதை நிறுத்துவார். பெடல் நிற்காது, அவரைத் தூக்கிப் போட்டுவிடும். அப்படிப்பட்டவருக்குக் கால் ஸ்டிராப்பைக் கழற்றிவிட்டு, சேடிலைப் பிடித்துக்கொண்டே சிறிது தூரம் கூட நடந்து சொல்லிக்கொடுங்கள். இதைச் செய்கிற விற்பனையாளரிடம் யாரும் கடுமையாகப் பேரம் பேசியதை நான் பார்த்ததில்லை.

ஃபிரேமை மட்டும் பெட்டியில் அனுப்புவதாக இருந்தால் டிராப்அவுட்களுக்கு நடுவில் பழைய ஆக்ஸில் ஒன்றை 120 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பூட்டி அனுப்புங்கள். இல்லாவிட்டால் வழியில் நசுங்கிப் போய்ச் சேரும்.

இனி, தாங்குகிற ஃபிரேம்

கையில் பணம் வந்ததும் நிறத்தைப் பார்த்து வாங்கப் போய்விடுவார்கள். நான் பார்க்கும் வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் உலோகம். 4130 குரோமோலி ஸ்டீல். குரோமியமும் மாலிப்டினமும் சிறிய அளவில் சேர்ந்த இந்த ஸ்டீல், சாதாரண ஹைடென் ஸ்டீலைவிட வலுவானது. அதனால் அளவான கனத்திலேயே உறுதி கிடைக்கிறது. ஸ்டிக்கரைக் கவனமாகப் படியுங்கள். சில ஃபிரேம்களில் முன்பக்க முக்கோணம் மட்டும் குரோமோலி, பின்பக்கம் ஹைடென். குதித்து இறங்கும்போது முதலில் அடி வாங்குவது பெரும்பாலும் பின்பக்கம்தான். எல்லா டியூபும் 4130 என்று தெளிவாகச் சொல்லும் ஃபிரேமை மட்டும் எடுங்கள். எடை கூடுதலாகத்தான் இருக்கும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

அலுமினியம் வேண்டாம். ஸ்டீலுக்கு ஒரு குணம் உண்டு: குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உள்ள அழுத்தத்தை எத்தனை முறை கொடுத்தாலும் பொறுத்துக்கொள்ளும். அலுமினியத்துக்கு அந்த எல்லை கிடையாது; சின்னச் சின்ன அடியையும் அது சேர்த்து வைத்துக்கொண்டே போய் ஒருநாள் கைவிடும். பிடோக்கிலிருந்து வேலைக்கு ஓட்டிப்போக அலுமினிய டிராக் ஃபிரேம் நன்றாகவே இருக்கும். தினமும் நூறு முறை தரையில் இறக்குவதற்கு அது இல்லை.

அடுத்தது கஸெட். ஹெட் டியூபும் டவுன் டியூபும் சேரும் இடத்தில் அடியில் வைத்து ஒட்டும் முட்டுத் தகடு. இது இருந்தால் நல்லது என்று எல்லாரும் சொல்வார்கள். எப்படி வெல்டு செய்திருக்கிறது என்பது அதைவிட முக்கியம். தகட்டின் பின்முனையில் டியூபுக்குக் குறுக்கே ஒரு வெல்டு ஓடியிருந்தால் நான் அந்த ஃபிரேமை வாங்க மாட்டேன். இழுபடும் டியூபில் குறுக்கு வெல்டு என்றால் விரிசலுக்கு நாமே இடம் கோடு போட்டுக் கொடுத்த மாதிரி. கஸெட் இல்லாத ஃபிரேமில் ஹெட் டியூப் ஓரத்தில் வரவேண்டிய விரிசல், இதில் கஸெட் முடியும் இடத்துக்கு நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். நல்ல கஸெட் நீளமாக, முனை மெலிந்து, பக்கவாட்டில் மட்டும் வெல்டு ஏற்று, முனையில் மெதுவாக முடியும். வெல்டின் அலைகள் ஒரே சீராக இருக்கின்றனவா, ஓரத்தில் டியூபை அரித்த பள்ளம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெயிண்ட் எவ்வளவு அடித்தாலும் ஓரப் பள்ளம் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் நிழலாகத் தெரியும்.

பின்பக்க டிராப்அவுட் கனமான தகடாக, ஆறு மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். ஃபிக்ஸியில் பின்னோக்கி உருளும்போது, அதாவது 180 திரும்பி இறங்கி ஃபேக்கியில் போகும்போது, செயின் எதிர்ப்பக்கம் இழுக்கும். ஆக்ஸில் வழுக்கினால் செயின் தளர்ந்து கழன்றுவிடும். 14 மில்லிமீட்டர் ஆக்ஸிலுக்கான வெட்டும், செயின் டென்ஷனர் வைக்க வழியும் உள்ள ஃபிரேம் இந்தத் தொல்லையைப் பெரும்பாலும் தீர்த்துவிடும்.

பாட்டம் பிராக்கெட் மரை போட்ட வகையா, மிட் வகையா என்று கேளுங்கள். மிட் என்பது பிஎம்எக்ஸில் (சின்னச் சக்கர சாகச சைக்கிள்) வருவது. பெரிய பேரிங்கை அழுத்தி ஏற்றுவார்கள். 19 அல்லது 22 மில்லிமீட்டர் தண்டுள்ள மூன்று துண்டு குரோமோலி கிரேங்க் நேராகப் போய் உட்காரும். எனக்குப் பிடித்தது இதுதான். டிராக் சைக்கிளின் சதுரத் தண்டுக் கிரேங்க் கொஞ்ச நாள் குதித்ததும் துளை உருண்டு ஆட ஆரம்பித்துவிடும். ஹெட்செட் (ஃபோர்க் திரும்பும் பேரிங்) 1 1/8 அங்குல, மரை இல்லாத வகையாக இருக்க வேண்டும். பிஎம்எக்ஸ் ஸ்டெம் அதில்தான் உட்காரும்.

சக்கர அளவும் இடைவெளியும்

ஃபிக்ஸியில் குதிக்கும் இந்தத் தனி விளையாட்டு 2000களின் கடைசியில் சூடு பிடித்தபோது முதலில் 700சி (சாலை சைக்கிளின் வழக்கமான அளவு) சக்கரத்திலேயே, அகலமான டயர் நுழையும்படி ஃபிரேம்கள் வந்தன. பிறகு பலரும் 26 அங்குலத்துக்கு மாறினார்கள். காரணம் கணக்கில் இருக்கிறது. 26 அங்குல ரிம்மின் விட்டம் 559 மில்லிமீட்டர். 700சி ரிம்மின் விட்டம் 622. 26 ரிம்மில் 2.1 அங்குல டயர் போட்டால் மொத்த விட்டம் ஏறக்குறைய 665. உங்கள் பழைய 700சி சக்கரத்தில் 23 மில்லிமீட்டர் டயரோடு 668. ஆக, சக்கரத்தின் உயரம் மாறவே இல்லை. மாறியது, ஸ்போக் குட்டையாகி ரிம் உறுதியானதும், உங்களுக்கும் தரைக்கும் நடுவில் இரண்டு மடங்குக்கும் மேல் காற்று வந்ததும்தான். 700சி ரிம்மில் 40 மில்லிமீட்டர் டயர் போட்டால் விட்டம் 700ஐத் தாண்டிவிடும். பார்ஸ்பின் போடும்போது கால்விரலில் இடிக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் 26ஐ எடுங்கள், 36 ஸ்போக் ரிம்மோடு.

இடிக்கிறதா என்பதைக் கடையிலேயே சோதிக்கலாம். கிரேங்கைக் கிடைமட்டமாக வைத்து, நீங்கள் வழக்கமாகப் போடும் ஷூவோடு பெடலில் காலை வைத்து, யாரையாவது பின்னால் பிடிக்கச் சொல்லி, ஹேண்டில்பாரை முழுச் சுற்று சுற்றுங்கள். டயர் ஷூவைத் தொடக் கூடாது, டவுன் டியூபைத் தொடக் கூடாது, ஹேண்டில்பார் டாப் டியூபையும் முழங்காலையும் தொடக் கூடாது. படத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள், தரப்பட்டிருக்கும் அளவுகளில் பாட்டம் பிராக்கெட் நடுவிலிருந்து முன் ஆக்ஸில் வரை உள்ள தூரத்தைக் கேட்டு வாங்கி, தரையில் சாக்பீஸால் வரைந்து, ஷூவை வைத்துப் பாருங்கள்.

அங்கே போய்ச் சேரும் வரை பிரேக்

குதிப்பதற்கென்று வந்த பல ஃபோர்க்குகளில் பிரேக் மாட்ட இடமே இல்லை. ஸ்கேட் பார்க்குக்குள் உங்களுக்கு அது தேவைப்படாமல் இருக்கலாம்; ஆனால் பிடோக்கிலிருந்து அங்கே போகும் பாதை பொதுப் பாதை. அதனால் பிரேக் மாட்ட முடியாத ஃபோர்க்கை நான் வாங்கவே விடுவதில்லை. 26 அங்குலத்துக்கான வி-பிரேக் (ரிம்மைப் பிடிக்கும் பிரேக்) மாட்டும் காதுகள் உள்ள ஃபோர்க்கை எடுத்தால், பிறகு 700சிக்கு மாறினால் அந்த பிரேக் கட்டை ரிம்மை எட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிரேக் வயர் இருந்தால் பார்ஸ்பின் எப்படிப் போடுவது? ஹெட்செட் மேல்மூடியின் போல்ட்டுக்குப் பதிலாக நடுவில் துளையுள்ள போல்ட்டைப் போட்டு, வயரை அதன் வழியே ஸ்டீயரருக்குள் இறக்கி, கீழே ஃபோர்க் வழியாக வெளியே எடுத்துவிடலாம். ஹேண்டில்பாரும் ஃபோர்க்கும் சேர்ந்தே சுற்றுவதால் வயர் முறுக்காது. பிஎம்எக்ஸ்காரர்கள் வெகுகாலமாகச் செய்வதுதான்.

ஃபோர்க்கை மட்டும் புதிதாக வாங்குங்கள். ஃபிரேம் பழையதாக இருக்கலாம், ஃபோர்க் கூடாது. ஃபிரேம் உடையும் முன் நெளியும், கிறீச்சிடும், பெயிண்ட் வெடிக்கும். ஸ்டீயரர் ஹெட் டியூபுக்குள் மறைந்திருப்பதால் அதில் வரும் விரிசலை யாரும் பார்ப்பதில்லை. அது உடையும்போது முகம்தான் முதலில் தரையில் படும்.

பழைய ஃபிரேமும் இன்னொரு வழியும்

2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் இருந்த வேகம் இப்போது இந்த விளையாட்டுக்கு இல்லை. அன்றைக்கு ஃபிரேம் செய்த பலர் இன்று செய்வதில்லை. வால்யூம் கட்டர், மில்வாக்கி புரூசர் மாதிரியான பெயர்கள் பழைய சந்தையில்தான் கண்ணில் படும். கண்டால் விடாதீர்கள், ஆனால் நான் மேலே சொன்ன துணி, விரல், நூல் மூன்று சோதனையையும் நீங்கள் வாங்குகிற ஃபிரேமுக்கும் செய்யுங்கள். பெக் (அச்சு முனையில் மாட்டும் குழாய்) வைத்து விளிம்பில் உரசி கிரைண்ட் செய்த ஃபிரேமில் டிராப்அவுட் விரிந்திருக்கும். ஹப்பை நுழைத்துப் பார்த்தால் தெரியும். புதிதாக பெயிண்ட் அடித்த பழைய ஃபிரேம் என்றால், ஏன் அடித்தார் என்று கேளுங்கள். பதில் இழுத்தால் கிளம்பிவிடுங்கள்.

அப்படிப்பட்ட ஃபிரேம் கிடைக்காதவர்களுக்கு நான் சொல்வது: 26 அங்குல டர்ட் ஜம்ப் (மண்மேட்டில் குதிக்கும் சைக்கிள்) ஃபிரேம். கிடைமட்ட டிராப்அவுட் உள்ள குரோமோலி ஃபிரேமாகப் பாருங்கள். குதிப்பதற்கென்றே பிறந்தது, கடைகளில் இன்னும் வருகிறது. பின்பக்கம் 135 மில்லிமீட்டர் இருக்கும். டிஸ்க் ஹப் உள்ள சக்கரத்தைத் திருப்பிப் போட்டு, டிஸ்க் பூட்டும் ஆறு போல்ட் துளையில் போல்ட் வகை காக் (பின்பல் சக்கரம்) ஒன்றைப் பூட்டினால் ஃபிக்ஸி தயார். போல்ட் போட்ட காக் பின்னோக்கி மிதித்தாலும் கழலாது என்பது கூடுதல் லாபம். செயின் நேர்கோட்டில் ஓடுகிறதா என்று பார்த்து முன்பற்களைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கும். இந்த ஃபிரேம்கள் சஸ்பென்ஷன் ஃபோர்க்குக்காக வரையப்பட்டவை. அதே நீளமுள்ள, சஸ்பென்ஷன் இல்லாத ஃபோர்க் போட வேண்டும், குட்டையானது போட்டால் முன்பக்கம் தாழ்ந்து கோணம் கெட்டுவிடும். அந்த ஃபோர்க்கில் டிஸ்க் பிரேக் வரும் என்பதால் சட்டப் பிரச்சினையும் தீர்ந்தது. அக்கா மகனுக்கு இந்த வழியில்தான் கட்டிக் கொடுத்தேன்.

பற்களைப் பற்றி ஒரு வார்த்தை. சாலையில் 48க்கு 17 ஓட்டியவர்கள் இங்கே 28க்கு 17 மாதிரி இறங்க வேண்டும். பின்னோக்கி உருளும்போது கால் ஈடுகொடுக்க முடிவதும், முன்பல் சக்கரம் சிறியதாகிப் படி விளிம்பில் இடிக்காமல் இருப்பதும் இதனால்தான். 28க்கு 16 என்றால் ஸ்கிட் போடும்போது டயர் நான்கே இடத்தில் தேயும். 17 போட்டால் பதினேழு இடத்தில் பிரிந்து தேயும்.

கட்டுவதற்கு முன் ஃபிரேமின் உட்புறத்தில் துருத் தடுப்பு எண்ணெய் அடித்து, எல்லா டியூபுக்கும் பரவும்படி திருப்பித் திருப்பிச் சாய்த்து, ஒரு நாள் வடிய விடுங்கள். ஈஸ்ட் கோஸ்ட் கடல் காற்றில் ஸ்டீல் வெளியே துருப்பிடிப்பதைவிட உள்ளேதான் அதிகம் துருப்பிடிக்கும்.

கட்டி முடித்து முதல் முறை பழகிவிட்டு வந்ததும் கிரேங்க் போல்ட், ஸ்டெம் போல்ட், பின் ஆக்ஸில் நட், காக் போல்ட் எல்லாவற்றையும் மறுபடி இறுக்குங்கள். புதுப் பொருட்கள் ஒன்றோடொன்று உட்கார்ந்ததும் எல்லாமே கொஞ்சம் தளரும். புது ஸ்போக்குகளையும் அதே வாரத்தில் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவை சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டவுன் டியூபின் அடியில் டார்ச் அடித்து, வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். நூல் மாட்டினால் அன்றோடு அந்த ஃபிரேமை நிறுத்திவிட்டு எனக்குப் படம் அனுப்பலாம் என்று பையன்களிடம் சொல்லியிருக்கிறேன். உங்கள் பக்கத்திலும் ஒரு வெல்டர் இருப்பார், அவரிடம் காட்டுங்கள்.